பிள்ளைக்குத் தலசீமியா: யார் வழியில் வந்தது?

பர்மாவின் மோல்மேனிலிருந்து எழுதியிருக்கும் தங்கைக்கு வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வயது மகனுக்கு ஈ பீட்டா தலசீமியா, அதாவது பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உற்பத்தியாகாமல் ரத்தம் குறையும் நோய், என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்களும் கணவரும் ஒரு நாள்கூட ரத்தக்குறைவு என்று படுத்ததில்லை. உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி பர்மியப் பெண்மணி என்பதால், அந்த ரத்தம்தான் பேரனைக் கெடுத்தது என்று மாமியார் சொல்கிறார். இந்த பயத்தில், கணவரின் தங்கையை வெளியில் கொடுக்காமல் தட்டோனில் இருக்கும் அத்தை மகனுக்கே முடித்துவிடலாம் என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. நீங்கள் எழுத்தில் கேட்டது, இது யார் வழியில் வந்தது, அடுத்த பிள்ளைக்கும் வருமா என்ற இரண்டு வரிதான். ஆனால் கடிதம் முழுக்க இன்னொரு கேள்வி ஓடுகிறது: என் மகனுடைய நோய்க்கு நான் காரணமா? இல்லை. எந்தத் தயக்கமும் இல்லாமல் இதைச் சொல்ல முடியும், ஏன் என்பதையும் விளக்க முடியும்.

நான் ரங்கூனில் பல வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. உங்கள் மகனுக்கு எப்போது ரத்தம் ஏற்ற வேண்டும், எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் அவனைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன, ஒரு நோய் குடும்பத்துக்குள் எந்தக் கணக்கில் இறங்குகிறது, இவை இரண்டும் என் வேலையோடு சேர்ந்தவை. அதை மட்டும் எழுதுகிறேன்.

மனித உடலில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 அம்மாவிடமிருந்து, 23 அப்பாவிடமிருந்து. அதனால் பெரும்பாலான ஜீன்கள் நமக்கு இரண்டிரண்டாக இருக்கின்றன. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. பீட்டா சங்கிலியைச் செய்யும் ஜீன் 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆக ஒவ்வொருவருக்கும் இரண்டு பீட்டா ஜீன்கள். அவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது போதிய அளவு வேலை செய்துவிடும். அப்படிப்பட்ட ஆளை லேபில் கேரியர் என்போம். அவருக்கு நோய் கிடையாது. ரத்த அணுக்கள் கொஞ்சம் சிறிதாக இருக்கும், அவ்வளவுதான். வயதானால் அது நோயாக மாறிவிடுமோ என்றும் பலர் பயப்படுகிறார்கள். மாறாது. நீங்களும் உங்கள் கணவரும் இந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். இரண்டு பீட்டா ஜீன்களும் பழுதாக வாய்த்தால்தான் பிள்ளைக்கு நோய். அந்த இரண்டில் ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பாதிரியார். கிரெகோர் மெண்டல், இன்று செக் நாட்டில் இருக்கும் பர்னோ நகரத்து மடத்தில் பட்டாணிச் செடி வளர்த்து, 1866ல் முடிவுகளை அச்சிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டை. சுருக்கம் போயே போய்விட்டது போலத் தோன்றியது. அந்த முதல் தலைமுறைச் செடிகளைத் தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ய விட்டதும் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். மூன்றுக்கு ஒன்று. சுருக்கத்துக்கான காரணி அழியவில்லை, வெளியே தெரியாமல் ஒரு தலைமுறையைக் கடந்து வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுவேதான். உங்கள் அம்மா, பாட்டி, கணவரின் அப்பா அல்லது அம்மா என்று எல்லோரும் நலமாக வாழ்ந்தார்கள். இரண்டு பக்கமும் தெரியாமல் வந்த காரணிகள் உங்கள் மகனிடத்தில் முதல் முறையாகச் சந்தித்துக்கொண்டன.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுகள். நீங்கள் அனுப்பிய எண்களின்படி உங்களுக்கு ஈ என்ற மாறிய ஹீமோகுளோபின் 27 விழுக்காடு. கணவருக்கு ஈ இல்லை, ஏ2 என்ற வகை 5.1 விழுக்காடு, சிவப்பணுவின் அளவு 66. ஏ2 சாதாரணமாக 3.5க்குள் இருக்கும். அதைத் தாண்டி, அணுக்களும் 80க்குக் கீழே சிறுத்திருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்றே படிப்போம். உங்களுடைய 27, ஈ கேரியர்களிடம் வழக்கமாகக் காணும் அளவு. சில இயந்திரங்களில் ஈயும் ஏ2வும் ஒரே இடத்தில் வந்து விழும், அப்போது ரிப்போர்ட்டில் ஏ2 27 என்றே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எண்கள் இரண்டும் டாக்டர் சொன்ன பெயரோடு பொருந்துகின்றன. ஆனாலும் காகிதத்தை மட்டும் பார்த்து உறுதி சொல்வது என் பழக்கமில்லை. அடுத்த கர்ப்பத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மூன்று பேருக்கும் டிஎன்ஏ பரிசோதனை செய்து, எந்த மாற்றம் என்று பெயரோடு தெரிந்துகொள்வது அவசியம்.

ஈ ஹீமோகுளோபின் என்பது பீட்டா ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வருவது. சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே மாற்றத்தால் சங்கிலியின் உற்பத்தியும் குறைகிறது. ஈ மட்டும் இரண்டு வாங்கியவர்கள்கூடப் பெரும்பாலும் ரத்தம் ஏற்றாமலே சாதாரணமாக வாழ்கிறார்கள். பீட்டா தலசீமியா ஜீன் கிட்டத்தட்ட அல்லது முழுவதுமாகவே சங்கிலியைச் செய்வதில்லை. ஈ ஒரு பக்கம், அது மறு பக்கம் என்று சேரும்போதுதான் தொல்லை. உங்கள் மகன் பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததாக எழுதியிருந்தீர்கள். சரிதான். கருவிலும் பிறந்த முதல் சில மாதங்களிலும் ஓடுவது எஃப் என்ற வேறு ஹீமோகுளோபின், அதற்குப் பீட்டா சங்கிலியே தேவையில்லை. ஆறு மாதத்தை ஒட்டி அது குறைந்து பீட்டாவின் வேலை ஆரம்பிக்கும்போதுதான் வெளுப்பு தெரிய வரும். கண் பட்டதாலோ பால் மாற்றியதாலோ வந்ததில்லை.

அப்படியானால் மாமியார் சொல்வது? பர்மியப் பாட்டி வழியாக ஈ வந்திருக்க வாய்ப்பு அதிகம். பர்மா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, இந்தியாவின் வடகிழக்கு, வங்கம் ஆகிய பகுதிகளில் ஈ மிகப் பரவலாக இருக்கிறது, தமிழ்நாட்டுப் பூர்வீகக் குடும்பங்களில் அரிது. உங்கள் அம்மாவைப் பரிசோதித்தால் இது ஊகமாக இல்லாமல் உறுதியாகிவிடும். ஆனால் பாதி உண்மையைச் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. நோய்க்குத் தேவையான மற்ற ஜீன், அதுவும் இரண்டில் கடுமையானது, உங்கள் கணவர் வழியே வந்திருக்கிறது. இந்தியாவில் சராசரியாக நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா கேரியர்கள். ஈ மட்டும் வந்திருந்தால் பேரன் ஓடியாடிக்கொண்டிருப்பான். பீட்டா மட்டும் வந்திருந்தாலும் அப்படியே. இதை மாமியாரைத் திருப்பி அடிப்பதற்காக எழுதவில்லை, தயவுசெய்து அப்படிப் பயன்படுத்தாதீர்கள். மருமகளை இந்த ஒரு காரணத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்களை லேபில் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் கையில் ரிப்போர்ட்டோடு நின்ற நிலையை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது நிதானமாக விளக்கியிருந்தால் அவர்களில் பலர் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

இன்னொன்றும் மாமியாருக்குச் சொல்லலாம். இந்த ஜீன்கள் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கின்றன? மலேரியா இருந்த நாடுகளில்தான் இவை அதிகம். கேரியராக இருப்பவரை மலேரியா அவ்வளவு சுலபமாகக் கொல்வதில்லை என்று 1949ல் ஹால்டேன் என்ற அறிஞர் எழுதினார். பின்னாளில் இந்தியாவில் குடியேறி புவனேசுவரத்தில் காலமானவர். அவர் ஊகித்ததற்குப் பின்னர் நல்ல ஆதாரங்கள் கிடைத்தன. நெல் வயலிலும் ரயில் பாதையிலும் உழைக்க இங்கே வந்து காய்ச்சலில் மடிந்த நம் முன்னோர் எத்தனையோ பேர். அவர்களுக்கு நடுவே பிழைத்தவர்களில் சிலரை இந்த ஜீன் காப்பாற்றியிருக்கலாம்.

அம்மா வழியாக மட்டும் இறங்கும் நோயே இல்லையா என்று கேட்டால், மகன்களைப் பொறுத்தவரை உண்டு. பர்மாவில் ஜி6பிடி என்ற சிவப்பணு என்சைம் குறையும் குறைபாடு அப்படிப்பட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மகனுக்கு அம்மாவிடமிருந்தே வரும். அந்தக் குறைபாடு உள்ளவருக்கு மலேரியா மருந்தான பிரைமாகுவின் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம், கொடுக்கும் முன் சோதிப்பது அதனால்தான். தலசீமியாவின் பாதை வேறு. ரத்த குரூப் ஒத்துப்போகாததால் வந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். குரூப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஜாதகப் பொருத்தமும் இதைக் காட்டாது.

அடுத்த பிள்ளையைப் பற்றி. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நீங்கள் கொடுப்பது உங்கள் இரண்டு பீட்டா ஜீன்களில் ஒன்று, கணவர் கொடுப்பதும் ஒன்று. நான்கு விதமாகச் சேரலாம்: இரண்டும் நல்லது, ஈ மட்டும், பீட்டா தலசீமியா மட்டும், இரண்டும் பழுது. நான்கும் சம வாய்ப்பு. அதனால் நோய் வர நூற்றுக்கு 25, வராமல் இருக்க 75. இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒன்று பாதித்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் நன்றாகப் பிறக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். நாணயத்தைச் சுண்டும்போது போன தடவை தலை விழுந்தது அந்த நாணயத்துக்குத் தெரியாது. கர்ப்பமும் அப்படியே, ஒவ்வொரு தடவையும் புதுக்கணக்கு. இரண்டு பிள்ளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் உண்டு, நான்கு பெற்று ஒன்றுக்கும் இல்லாத குடும்பமும் உண்டு. அந்த நான்கு பிள்ளைக் குடும்பம் தாங்கள் கேரியர் என்பதே தெரியாமல் பேரன் காலம் வரை போய்விடும்.

கணக்கு இவ்வளவு உறுதி. நோயின் கடுமை அப்படி இல்லை. ஈ பீட்டாவில் ஒரே ஜீன் ஜோடி வைத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மாதாமாதம் ரத்தம் ஏற்றுவார், மற்றவர் நாற்பது வயதில் கல்யாண மண்டபத்தில் சமையல் பார்த்துக்கொண்டிருப்பார். காரணம் ஓரளவு தெரியும். கூடவே ஆல்ஃபா சங்கிலி குறையும் ஆல்ஃபா தலசீமியாவும் வந்திருந்தால், சங்கிலிகளின் ஏற்றத்தாழ்வு குறைந்து நோய் லேசாகும். எஃப் ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் நிறைய ஓடினால் அதுவும் உதவும், அதைக் கட்டுப்படுத்தும் பிசிஎல்11ஏ போன்ற ஜீன்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். இவற்றையெல்லாம் வைத்தும் நான்கு வயதுப் பையன் இருபது வயதில் எப்படி இருப்பான் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். உயரம், எடை, மண்ணீரல் வீக்கம், ரத்த அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்து, டாக்டர் முடிவுகளை மாற்றிக்கொண்டே போவார். அதுதான் சரியான வழி.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பையன் வெளுத்திருக்கிறான் என்று இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். இது இரும்புக் குறைவால் வந்த சோகை இல்லை. இந்த நோயில் குடலே தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும், ஏற்றும் ரத்தத்திலும் இரும்பு வரும், அது ஈரலிலும் இதயத்திலும் படியும். உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிடின் அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் தவிர வேண்டாம். முருங்கைக்கீரையால் இது குணமாகாது. சமையலில் எப்போதாவது சேர்ப்பதைப் பற்றி டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ டிஎன்ஏ பார்ப்பார்கள். முதலில் பெற்றோரின் மாற்றம் என்னவென்று தெரிந்திருந்தால்தான் இது நடக்கும், மேலே நான் அவசியம் என்றது அதனால்தான். வசதியுள்ளவர்கள் பாங்காக் போய்ச் செய்துகொள்வதும் உண்டு. முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பதைக் கணவனும் மனைவியும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். பர்மியச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு இடம் கொடுப்பதில்லை. என் கருத்தை உங்கள்மேல் திணிக்க மாட்டேன். அப்புறம், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு அடுத்த பிள்ளை உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். மஜ்ஜை பொருந்துவதை முடிவு செய்யும் ஜீன்கள் 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, பீட்டா 11ல். இரண்டும் தனித்தனியாக இறங்கும். முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒன்று, நோயில்லாமல் பிறக்க நான்கில் மூன்று, இரண்டும் சேர 16ல் மூன்று. கேரியராகப் பிறந்தாலும் மஜ்ஜை கொடுக்கலாம். ஜீனையே திருத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனில் முதல் அனுமதி கிடைத்தது. இப்போதைக்கு நம் கைக்கு எட்டாத விலை.

இனி நாத்தனார் கல்யாணம். நம் ஜனங்களிடம் பெரியப்பா பிள்ளை அண்ணன், அத்தை பிள்ளை முறை மாப்பிள்ளை. உறவு முறையில் அது சரி. ஜீன் கணக்கில் இருவருக்கும் ஒரே தூரம்தான், எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். கணவர் பீட்டா கேரியர் என்றால் மாமனாரோ மாமியாரோ ஒருவர் கேரியர். நாத்தனாருக்கு இரண்டில் ஒன்று வாய்ப்பு. மாமனார் வழியாக வந்திருந்தால் அவருடைய தங்கையான அத்தைக்கு இரண்டில் ஒன்று, அத்தை மகனுக்கு நான்கில் ஒன்று. இருவரும் கேரியராக அமைந்து கல்யாணமும் நடந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு இரண்டு பீட்டா சேர்வதற்கு. பெருக்கினால் 32ல் ஒன்று. வெளியில் ஒரு தமிழ் மாப்பிள்ளை என்றால் நூற்றுக்கு மூன்று என்று வைத்தாலும் ஏறக்குறைய 270ல் ஒன்றுதான் வரும். அதுவும் சொந்தத்தில் வரக்கூடியது ஈ பீட்டாவைவிடப் பொதுவாகக் கடுமையான பீட்டா தலசீமியா மேஜர். பாதுகாப்பு என்று நினைத்துப் போகும் பக்கத்தில்தான் ஆபத்து கூடுதலாக இருக்கிறது. மாமியார் வழியாக வந்திருந்தால் கதை மாறும். அத்தை மகன் அந்த வழியில் வராதவர், அவருக்கும் வெளி ஆளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே முதலில் மாமனார் மாமியார் இருவருக்கும் பரிசோதனை.

இதற்காக சொந்தத்தில் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று இருக்கிறது, அத்தை மாமன் பிள்ளைகள் கட்டினால் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடலாம் என்பது பல ஆய்வுகளின் சராசரி. தொண்ணூறுக்கு மேல் நன்றாகத்தான் பிறக்கின்றன. வெளியில் கட்டியும் உங்களுக்கு நேர்ந்திருக்கிறது. சொந்தமா வெளியா, தமிழா பர்மியா என்பதை வைத்து ஊகிப்பதைவிட இரண்டு மில்லி ரத்தம் தெளிவாகச் சொல்லிவிடும். சைப்ரஸ் நாட்டில் 1970களில் கேரியர் பரிசோதனையைத் தொடங்கி, பின்னர் கல்யாணத்துக்கு முன்பும் கருவிலும் பரிசோதித்து, இந்த நோயோடு பிறக்கும் பிள்ளைகளைக் கிட்டத்தட்ட இல்லாமலே செய்துவிட்டார்கள்.

நாத்தனாரையும் மாப்பிள்ளையையும் லேபுக்கு அனுப்பும்போது முழு ரத்த எண்ணிக்கையோடு ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் ஃபெரிடினும் சேர்த்துக் கேளுங்கள். இரும்புக் குறைவு இருந்தால் ஏ2 தாழ்ந்து காட்டி, கேரியரைச் சாதாரணம் என்று நினைக்க வைக்கும். அப்படியிருந்தால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுத் தேறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். ஆல்ஃபா கேரியர்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தெரிய மாட்டார்கள், அணு சிறுத்து ஏ2வும் இரும்பும் சரியாக இருந்தால் டிஎன்ஏதான் வழி. கடைசி மூன்று மாதத்துக்குள் யாராவது ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் அதை லேபில் முதலிலேயே சொல்லுங்கள், அடுத்தவர் ரத்தம் கலந்து எண்களைக் குழப்பும். மாமனார் மாமியார் ரிப்போர்ட் வந்ததும் எண்களை இங்கேயே போடுங்கள், பெயர் வேண்டாம். பார்த்துச் சொல்கிறேன்.